அரிசி மூட்டை ஏறுமா?

செப்டம்பர் கடைசியில் என் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 எம்ஓடி சோதனையில் தோற்றது. பிரிட்டனில் மூன்று வயதைத் தாண்டிய காருக்கெல்லாம் வருடத்துக்கு ஒரு தடவை இந்தப் பரீட்சை உண்டு. என்னுடையது 2003 மாடல். இரண்டே சீட்டு, துணிக் கூரை, 1.8 லிட்டர் எஞ்சின். எட்டு வருடமாக வேலைக்குப் போவதும் அதில்தான், ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றுவதும் அதில்தான், மாதம் ஒரு முறை அரிசி வாங்கி வருவதும் அதில்தான்.

மெக்கானிக் வண்டியைத் தூக்கி நிறுத்தி, கதவுக்கு அடியில் ஓடும் பெட்டிச் சட்டத்தை ஸ்க்ரூடிரைவரால் தட்டினார். சில் என்று சொல்வார்கள் அதை. இரண்டாவது தட்டில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது துருவோடு சேர்ந்து ஒரு கைப்பிடி கறுப்பு மண் கொட்டியது. அதில் இறக்கை வைத்த விதை ஒன்று உடையாமல் இருந்தது. "எல்லாம் குளிர்காலத்தில் ரோட்டில் போடுகிற உப்பு" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெல்டிங்குக்கு 1,900 பவுண்டு கேட்டார். வண்டி அதில் பாதிகூடப் போகாது. உதிரி பாகத்துக்காக 550 பவுண்டுக்குக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வீடு திரும்பினேன்.

மறுபடியும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்தான், வார நாளுக்கும் வாரக் கடைசிக்கும் ஒரே வண்டி, பட்ஜெட் 10,000 பவுண்டு என்று மனைவியிடம் சொன்னேன். "சரி, ஆனா அரிசி மூட்டை ஏறணும்" என்றாள். வீட்டிலிருந்த 20 கிலோ காலிச் சாக்கை நான்காக மடித்து என் பையில் அவளே வைத்தாள். லோட்டஸ் எலீஸ் அன்றைக்கே பட்டியலிலிருந்து போயிற்று. 1996இல் வந்த முதல் எலீஸ் 725 கிலோதான். ஒட்டவைத்த அலுமினியச் சட்டம், ஓட்டுவதற்கு அதைப்போல் கிடையாது. ஆனால் அந்தச் சட்டம் கதவோரத்தில் ஒரு திண்ணை அகலத்துக்கு வரும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு கண்காட்சியில் புடவையோடு அதில் ஏறி உட்கார்ந்த என் மனைவி, இறங்குவதற்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. அந்தப் பேச்சை நான் மறுபடி எடுக்கவில்லை.

அக்டோபர் 17, 2024, வியாழன். லெஸ்டர்

ரெடிங்கிலிருந்து ரயிலில் வந்து இறங்கினேன். மச்சினன் ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். ஐந்து நாள் லீவு போட்டு எனக்கு டிரைவராக வர ஒப்புக்கொண்டவன். அவனுடையது டீசல் ஸ்கோடா, நாலு பேர், நாலு பெட்டி, லிட்டருக்கு இத்தனை மைல் என்று நோட்டில் எழுதி வைத்திருப்பான். "மாமா, ஸ்போர்ட்ஸ் கார்னா என்ன? ரெண்டு சீட்டைக் கொறச்சு ரெண்டு மடங்கு காசு வாங்குறதுதானே?" என்று வரவேற்றான்.

முதல் வண்டி மார்க்கெட் ஹார்பரோவில். போர்ஷே பாக்ஸ்டர் எஸ், 3.2 லிட்டர், 280 குதிரைசக்தி, கரு நீலம், கேட்டது 9,750. விற்பவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. கதவைத் திறந்ததும் முதல் கேள்வி, "பால் ஊற்றலாமா?" தேநீர் முடியும் வரை வண்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. மழை, என் ரயில், மச்சினனின் வேலை எல்லாம் விசாரித்தார். பிஸ்கட் டப்பாவை மூன்று முறை நீட்டினார். நம் ஊரில் நான்காவது முறையும் நீட்டுவார்கள். இங்கே மூன்றோடு மூடிவிடுகிறார்கள். மச்சினனுக்கு அதில் வருத்தம்.

"எஞ்சினைப் பார்க்கலாமா?" என்று நான் கேட்டதும் சிரித்தார். "நானே பார்த்ததில்லை." உண்மைதான். சீட்டுக்குப் பின்னால் நடு வயிற்றில் இருக்கிறது எஞ்சின், அதைத் திறந்து பார்க்க மூடி கிடையாது. பின் டிக்கியின் ஓரத்தில் ஆயில் ஊற்ற ஒரு மூடி, கூலன்ட் ஊற்ற ஒரு மூடி, அவ்வளவுதான். ஆயில் குச்சிகூடக் கிடையாது, அளவை மீட்டரே சொல்லிவிடும். வயிற்று வலிக்கு டாக்டர் நாக்கை மட்டும் பார்ப்பதுபோல் நானும் மூடியைத் திருகிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன்.

பாக்ஸ்டர் என்றாலே எல்லோரும் பயமுறுத்துவது இடைத்தண்டு பேரிங்கைச் சொல்லித்தான். அது நொறுங்கினால் எஞ்சின் போச்சு. இந்த வயது வண்டியில் பேரிங்கைப் பெரிதாக்கிவிட்டார்கள், உடைவது அபூர்வம். ஆனால் மாற்ற வேண்டுமென்றால் எஞ்சினையே பிளக்க வேண்டும். பிறகு வந்த 2009 மாடலிலிருந்து அந்தப் பேரிங்கே இல்லை, விலையும் என் பட்ஜெட்டில் இல்லை.

சாக்கை எடுத்து விரித்தேன். விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாவுக்கு ஒரே உற்சாகம். தோட்டத்துக் கொட்டகைக்குப் போய்க் குருவித் தீனி மூட்டை ஒன்றை ஒற்றைச் சக்கர வண்டியில் தள்ளிக்கொண்டு வந்தார். சரியாக 20 கிலோ. பாக்ஸ்டருக்கு முன்னால் ஒரு டிக்கி, பின்னால் ஒரு டிக்கி. முன் டிக்கி கிணறு மாதிரி ஆழம், மூட்டை நின்றபடியே உள்ளே இறங்கியது. பின் டிக்கியில் காய்கறி வைக்கலாம். மச்சினன் முகத்தில் முதல் முறையாக மரியாதை தெரிந்தது.

ஒரு மணி நேரத் தற்காலிக இன்ஷூரன்ஸ் 17 பவுண்டு. போனிலேயே எடுத்துக்கொண்டு ஓட்டினேன். முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் சத்தத்துக்கே பாதிப் பணம் கொடுக்கலாம். ஆனால் இரண்டாவது கியரை முழுசாக இழுப்பதற்குள் 60 மைல் வந்துவிடுகிறது, அந்த ரோட்டில் அதற்கு மேல் போகக்கூடாது. மீதி நான்கு கியர் சும்மா உட்கார்ந்திருக்கிறது. வளைவுகளில் வண்டி என்னைப் பொறுத்துக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

திரும்பி வந்து பதிவுப் புத்தகத்தைப் பார்த்தேன். முதல் பதிவு 2006 ஏப்ரல் 6. வயிறு கலங்கியது. கிலோமீட்டருக்கு 225 கிராமுக்கு மேல் கரியமில வாயு விடும் கார், 2006 மார்ச் 23க்கு முன் பதிவாகியிருந்தால் வருட வரி 400 பவுண்டுச் சொச்சம். அன்றைக்கோ அதற்குப் பிறகோ என்றால் 700க்கு மேல். அதே வண்டி, அதே எஞ்சின், அதே புகை. 14 நாள் தாமதத்துக்கு ஆயுள் தண்டனை. வருடத்துக்கு 300 பவுண்டு என்றால் பத்து மூட்டை சோனா மசூரி என்று மச்சினன் கணக்குப் போட்டான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "தாராளமாக. நான் மூன்று மாதம் யோசித்துத்தான் வாங்கினேன்" என்றார். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "ஏறிவிடுகிறேன், இறங்கத்தான் முடியவில்லை." எலீஸ் ஞாபகம் வந்தது.

இரவு பெல்கிரேவ் ரோட்டில் குஜராத்தித் தாளி, ஆளுக்கு 11 பவுண்டு. தெரு முழுக்கத் தீபாவளிக்காக விளக்கு கட்டியிருந்தார்கள். பருப்பில் வெல்லம் போட்டிருந்தார்கள், மச்சினன் ஊறுகாயை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சமாளித்தான். கடைக்காரப் பெண்மணி இலவசமாக மோர் கொடுத்தார்.

அக்டோபர் 18, வெள்ளி. ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்

இந்த ஊரில் முன்பின் தெரியாதவர்கள்கூட உங்களை "டக்" என்று கூப்பிடுவார்கள். வாத்து. ஆணோ பெண்ணோ, கிழவரோ குழந்தையோ, எல்லோரும் வாத்துதான். பெட்ரோல் பங்கில் "நன்றி, டக்". கடையில் "என்ன வேண்டும், டக்?" மச்சினன் மதியத்துக்குள் பழகிப்போய் என்னையே ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டான்.

காலை உணவுக்கு ஓட்கேக். பெயரைக் கேட்டு கேக் என்று நினைத்துவிடாதீர்கள். ஓட்ஸ் மாவும் கோதுமை மாவும் ஈஸ்ட் போட்டுக் கரைத்துப் புளிக்கவைத்து, கரண்டியால் எடுத்துச் சூடான கல்லில் ஊற்றுகிறார்கள். மேலே பொத்தல் பொத்தலாக வருகிறது. எண்ணெய் குறைந்த கோதுமைத் தோசை என்றால் பொருத்தம். உள்ளே சீஸும் காளானும் வைத்துச் சுருட்டித் தந்தார்கள், 3.80 பவுண்டு. சட்னி கேட்டவனுக்குப் பழுப்பு நிறச் சாஸ் பாட்டிலைக் காட்டினார்கள். முகம் சுளித்தபடியே ஊற்றித் தின்றவன், "மாமா, இதுல புளி இருக்கு" என்றான். லேபிளைப் படித்தேன். இருந்தது.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன், அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2001 டொயோட்டா எம்ஆர்2. இதிலும் எஞ்சின் நடுவில்தான். 1.8 லிட்டர், 140 குதிரைசக்தி, எடை ஒரு டன்னைச் சுற்றி. கேட்டது 3,200. இருபத்திரண்டு வயதுப் பையன், புகையே விடாது என்று போனில் சத்தியம் செய்திருந்தான். சாவியைத் திருப்பினான். பக்கத்து வீட்டு ஜன்னல் மூடும் சத்தம் கேட்டது. நீலப் புகை, ஆயில் எரிகிற புகை.

இந்த எஞ்சினுக்கு ஒரு சங்கதி உண்டு. எக்ஸாஸ்ட் குழாயின் தொடக்கத்திலேயே புகையைச் சுத்தம் செய்யும் இரண்டு சின்ன வினையூக்கிகள் உட்கார்ந்திருக்கும். ஆயில் எரிக்கும் எஞ்சினில் அவை நாளடைவில் பொடிந்துபோகும், அந்தப் பொடியே எஞ்சினுக்குள் திரும்பிப் போய் மேலும் ஆயிலை எரிய வைக்கும். முன்னமே சென்சாரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்திருக்க வேண்டும். பையனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆயில் குச்சி காய்ந்திருந்தது.

மூட்டைக்கு இடமே இல்லை. சீட்டுக்குப் பின்னால் பூட்டுப் போட்ட இரண்டு பொந்துகள், அவற்றின் வாய் வழியாகக் காலிச் சாக்கே மடித்தால்தான் போகிறது. "பக்கத்து சீட்ல மூட்டைய உக்கார வெச்சு பெல்ட் போட்டுடலாம் மாமா." "அக்கா?" "அக்காவுக்கு பஸ் இருக்குல்ல." இதை நான் வீட்டில் சொல்லவில்லை.

அக்டோபர் 19, சனி. பக்ஸ்டன், மாக்லெஸ்ஃபீல்ட்

நேற்றிரவே மலையேறிப் பக்ஸ்டனுக்கு வந்து தங்கிவிட்டோம். ஊர் நடுவில் செயின்ட் ஆன் ஊற்று. வருடம் பூராவும் வெதுவெதுப்பாக, 27 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. காசு கிடையாது. இதே ஊர்ப் பெயர் போட்ட பாட்டிலைக் கடையில் விலைக்கு விற்கிறார்கள், ஊர்க்காரர்கள் ஆறு கேன் கொண்டுவந்து பிடித்துப் போகிறார்கள். எனக்கு முன்னால் நின்ற கிழவர், எங்களிடம் ஒரே ஒரு பாட்டில் இருப்பதைப் பார்த்துவிட்டுத் தன் கேனை எடுத்து ஓரமாக வைத்து வழிவிட்டார்.

மாக்லெஸ்ஃபீல்டில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் டொயோட்டா ஜிடி86. 2014 மாடல், 9,400. இந்தப் பயணத்தில் நான் மனசுக்குள் ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்த வண்டி இதுதான். எஞ்சின் சுபாரு செய்தது. படுத்த வாக்கில் இரண்டு பக்கமும் குத்துவிடும் பாக்ஸர் வகை, அதனால் எடை தரையோரம் தங்கும். சிலிண்டரின் விட்டமும் 86 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரமும் 86. ரொம்பப் பிடிமானம் இருந்தால் வேடிக்கை போய்விடும் என்று, பிரியஸ் என்ற சிக்கனக் காருக்குப் போட்ட அதே வகை மெல்லிய டயரை வேண்டுமென்றே போட்டு விற்றார்கள். பின்னால் இரண்டு குட்டி சீட்டு வேறு. அதை மடக்கினால் மூட்டை ஒன்றல்ல, இரண்டு.

போனதும் முதல் வேலையாகப் பானெட்டில் கை வைத்தேன். சூடு. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் பண்ணிக் கேட்க வேண்டும் என்று போனிலேயே சொல்லியிருந்தேன். "கழுவுவதற்காக நகர்த்தினேன்" என்றார் வியாபாரி. அரை மணி நேரம் நகர்த்தியிருப்பார் போல.

சரி என்று ஓட்டக் கிளம்பினோம். கேட் அண்ட் ஃபிடில் ரோடு. பைக்காரர்கள் பெயரைச் சொன்னாலே கண் விரிவார்கள். மலை உச்சியில் 515 மீட்டர் உயரத்தில் அந்தப் பெயரில் ஒரு பழைய மதுக்கடை, இங்கிலாந்திலேயே உயரத்தில் இரண்டாவது. 2015இல் மூடி, பிறகு விஸ்கி வடிக்கும் இடமாகத் திறந்திருக்கிறார்கள். அத்தனை வளைவுகளும் நமக்காகவே போட்டதுபோல் இருக்கும். ஆனால் வழிநெடுகச் சராசரி வேகக் கேமரா, எல்லை 50 மைல். எனக்கு முன்னால் ஒரு கேம்பர் வேன், 38 மைல். 200 குதிரைகளைப் பிடித்துக்கொண்டு அந்த வேனின் பின் ஜன்னலில் தெரிந்த நாயைப் பார்த்தபடியே மலை ஏறினேன். நாய் என்னைப் பார்த்தது.

கிடைத்த இரண்டு இடைவெளியில் மிதித்தேன். நிமிடத்துக்கு 3,500 சுற்றிலிருந்து 4,500 வரை இந்த எஞ்சின் சற்றே மூச்சு வாங்கும் என்று படித்திருக்கிறேன், உண்மைதான். ஆபீசுக்குப் போகும்போது அங்கேதான் எஞ்சின் பாதி நேரம் இருக்கும். ஸ்டீயரிங் பிரமாதம். அதைக் குறை சொன்னால் வாய் வேகாது.

திரும்பி வந்து டிக்கியில் சாக்கை விரிக்கும்போது, தரைவிரிப்புக்கு அடியில் கையை விட்டேன். கை மணிக்கட்டு வரை நனைந்தது. விரிப்பைத் தூக்கினால் பள்ளத்தில் டீ நிறத்தில் தண்ணீர், அதில் பஞ்சர் கிட் மிதக்கிறது. இடது பின்விளக்கின் நட்டு ஒன்று மற்றவற்றோடு சேராத நிறம். ரப்பர் விளிம்பில் பெயின்ட் தெளித்திருந்தது. பின்னால் எங்கேயோ இடி வாங்கி, விளக்கைக் கழற்றிச் சரியாக மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். விளம்பரத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

"நேற்று மழை பெய்ததே" என்றார் வியாபாரி.

"மழை வெளியேதானே பெய்தது" என்றேன்.

மச்சினன் என் கைக்குத் துடைக்கத் துண்டு கொடுத்தான், ஒன்றும் சொல்லவில்லை. இரவு பக்ஸ்டனில் மீனும் சிப்ஸும், ஆளுக்கு 12.50. மீன் நன்றாக இருந்தது. எனக்கு இறங்கவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு. ஆஷ்லி புயல்

புயலுக்குப் பெயர் வைத்து அறிவித்திருந்தார்கள். போகாதே என்று அர்த்தம். போனோம். ரெக்ஸம் பக்கம் ஒரு ஹோண்டா எஸ்2000. இரண்டு லிட்டர், டர்போ இல்லாமல் 240 குதிரைசக்தி, 9,000 சுற்று வரை கத்தும் எஞ்சின். 1999இலிருந்து 2009 வரைதான் வந்தது. நல்ல வண்டியெல்லாம் என் பட்ஜெட்டைத் தாண்டிப் போய்ப் பல வருடமாகிறது. இது 10,500 என்று போட்டிருந்தார்கள், அதுவே சந்தேகப்படக் காரணம். இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

மலை மேல் காற்று ஸ்கோடாவை அடுத்த பாதைக்குத் தள்ளியது. மரக்கிளைகள் ரோட்டில். செஸ்டரை நெருங்கும்போது போனில் ஒரு செய்தி: "விற்றாகிவிட்டது, மன்னிக்கவும்." அவ்வளவுதான். இரண்டு மணி நேரத்துக்கு முன்புதான் "வாருங்கள், காத்திருக்கிறேன்" என்று அனுப்பியிருந்தவர்.

நனைந்துகொண்டு செஸ்டரில் இறங்கினோம். அந்த ஊரில் பழைய கடைத்தெரு இரண்டு அடுக்காக இருக்கிறது. மாடியிலும் கூரை போட்ட நடைபாதை. அறுநூறு எழுநூறு வருடத்துக்கு முன்பே மழைக்குப் பயந்து கட்டியிருக்கிறார்கள் போல. ஒரு மணி நேரம் நனையாமல் நடந்தோம். 6.40 பவுண்டுக்கு ஈரமான சான்ட்விச். மச்சினன் பொறுமையின் எல்லைக்கு வந்திருந்தான். "மாமா, நாளைக்கு ஒரு கரோலா பாப்போமா?"

நாளைக்கு ஒரே ஒரு வண்டி பாக்கி. பட்டியலில் கடைசியாக, சும்மா ஒப்பிட்டுப் பார்க்க என்று போட்டுவைத்தது.

அக்டோபர் 21, திங்கள். ஆஷ்போர்ன் அருகே ஒரு கிராமம்

காற்று அடங்கிவிட்டது. வானம் துடைத்துவைத்த மாதிரி. வண்டி, என்னுடையதன் அடுத்த தலைமுறை எம்எக்ஸ்-5. 2010 மாடல், 2 லிட்டர், 160 குதிரைசக்தி, துணிக் கூரை, செம்பு கலந்த சிவப்பு, 58,000 மைல், 5,400. உரிமையாளர் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற 78 வயதுக்காரர். முழங்காலில் அறுவை சிகிச்சை, கிளட்ச் மிதிக்க முடியவில்லை. எஞ்சின் ஆறியிருந்தது. நான் சொல்லாமலே பானெட்டைத் திறந்து, "தொட்டுப் பாருங்கள்" என்றார்.

பள்ளிக்கூட நோட்டு ஒன்றைக் கொடுத்தார். பேனாவால் கோடு போட்டுக் கட்டம் கட்டியிருந்தது. தேதி, மைல், ஆயில், டயர் காற்று. கடைசிக் கட்டத்தின் தலைப்பு "வடிகால்". மாதத்துக்கு ஒரு டிக் அடையாளம், பன்னிரண்டு வருடமாக.

வடிகால் என்றால் என்ன என்று கேட்டேன். ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்தார். அப்புறம் கூரையைப் பாதி மடக்கி, சீட்டுக்குப் பின்னால் கதவுத் தூணை ஒட்டிய மூலையில் டார்ச் அடித்துக் காட்டினார். கூரையில் விழும் மழையெல்லாம் ஒரு ரப்பர் கால்வாய் வழியாக அந்த மூலைக்கு வருகிறது. அங்கே கட்டைவிரல் நுழையாத ஒரு ஓட்டை. அதிலிருந்து குழாய் ஒன்று உடம்புக்குள் இறங்கிப் பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் தண்ணீரை விடுகிறது. இலை, தூசி, விதை எல்லாம் சேர்ந்து அது அடைத்துக்கொண்டால், தண்ணீர் வேறு வழி தேடும். சில்லுக்குள் போய் உட்காரும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்க, உள்ளேயிருந்து அரித்துக்கொண்டே வரும்.

புல்வெட்டும் மெஷினில் போடுகிற நைலான் நரம்பு ஒரு முழம் வைத்திருந்தார். நுனியைத் தீயில் காட்டி மழுங்கடித்திருந்தார், குழாய் கிழியாமல் இருக்க. அதை ஓட்டைக்குள் மெதுவாகச் சுழற்றி இறக்கினார். வெளியே எடுத்தபோது நுனியில் ஒரு சிட்டிகை கறுப்பு மண், கூடவே இறக்கை வைத்த பாதி விதை. புயலில் வந்திருக்கும் என்றார்.

எனக்கு அந்த மண்ணைத் தெரியும். ஒரு கைப்பிடி பார்த்திருக்கிறேன். இறக்கை வைத்த விதையாக உதிர்க்கும் பக்கத்து வீட்டு சிகமோர் மரத்தடியில்தான் எட்டு வருடமும் வண்டியை நிறுத்தினேன், நிழலுக்காக.

"உங்கள் பழைய வண்டியில் எத்தனை நாளுக்கொரு தடவை செய்வீர்கள்?"

"அப்படி ஒன்று இருப்பதே தெரியாது."

அவர் திட்டவில்லை. "இன்னொரு கோப்பை தேநீர் போடட்டுமா?" என்று மட்டும் கேட்டார். மெக்கானிக் அன்றைக்கு ஏன் பேசாமல் இருந்தார் என்று இப்போது புரிந்தது.

தேநீருக்குப் பின் பூவாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். நான் கார்ட்போர்டு விரித்துத் தரையில் படுத்துக்கொண்டேன். மேலே ஊற்றியபடி அவர் எண்ண ஆரம்பித்தார், "ஒன்று, இரண்டு, மூன்று". நான்கு சொல்வதற்குள் என் மூக்குக்கு அரை அடி தள்ளித் தெளிந்த தண்ணீர் கொட்டியது. வலது பக்கமும் நான்குதான். அப்படியே படுத்தபடி சில்லை விரல் கணுவால் தட்டிக்கொண்டே போனேன். டங், டங், டங். ஒரு இடத்திலும் சத்தம் மாறவில்லை.

ஓட்டிப் பார்த்தேன். எஞ்சின் சூடாகும்வரை இரண்டாவது கியர் முரண்டு பிடித்தது. இந்த வண்டிக்கே உள்ள குணம், என்னுடையதும் அப்படித்தான். ஆஷ்போர்ன் ரோட்டை விட்டுக் கிளை ரோட்டில் இறங்கி, கல் சுவர்களுக்கு நடுவே போனேன். பாக்ஸ்டர் அளவு வேகம் இல்லை, ஜிடி86 அளவு கூர்மையும் இல்லை. முதல் தலைமுறையின் 1989 மாடலை ஓட்டியவர்கள், இது தடித்துவிட்டது என்று குறை சொல்வார்கள், அதிலும் உண்மை உண்டு. ஆனால் 60 மைலுக்குள் முதல், இரண்டாவது இரண்டையும் கடைசி வரை இழுத்து, மூன்று தடவை கியர் மாற்றி, ஒரு தடவை என்னையறியாமல் சிரித்து, ஒரு டிராக்டருக்குப் பின்னால் நின்றபோதும் அலுக்கவில்லை. வரி வருடத்துக்கு 300 பவுண்டுச் சொச்சம்.

டிக்கி சின்னது. சாக்கில் நிரப்ப என்ன இருக்கிறது என்று பார்த்தோம். கராஜில் விறகுத் துண்டுகள் இருந்தன. மூவருமாகச் சேர்ந்து நிரப்பி, குளியலறைத் தராசில் நிறுத்து, 20 கிலோ ஆனதும் ஏற்றினோம். படுக்கவைத்தால் போகிறது. மூடி மூடுகிறது. தேங்காய்க்கு ஓரத்தில் இடம். "விறகை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். எங்கள் வீட்டில் அடுப்பு மின்சாரம், புகைபோக்கியும் கிடையாது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

5,200க்கு முடிந்தது. பேரம் பேசியது மச்சினன், அதுவும் ஒரே ஒரு வாக்கியம். இங்கே வண்டியோடு வரி மாறாது, வாங்கியவர் புதிதாகக் கட்டினால்தான் ரோட்டில் ஏறலாம். கிராமத்தில் போனுக்குச் சிக்னல் இல்லை. பதிவுப் புத்தகத்தின் பச்சைத் துண்டைப் பிடித்துக்கொண்டு, ஆட்டு மந்தைக்கு நடுவே மேட்டில் ஏறி, ஒரு கோடு சிக்னலில் பன்னிரண்டு இலக்க எண்ணை மூன்று முறை அடித்தேன். நாற்பது நிமிடம். கீழே இறங்கி வந்தபோது மச்சினனும் பெரியவரும் ஸ்கோடாவின் பானெட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லெஸ்டரில் மச்சினன் பிரிந்தான். மோட்டார்வேயில் நான் தனியாக, கூரையைத் திறந்து, ஹீட்டரைக் காலுக்கு வைத்து, 11 டிகிரியில். லாரிக்காரர் ஒருவர் மேலிருந்து எட்டிப் பார்த்துத் தலையில் விரலால் சுழி போட்டுக் காட்டினார்.

அக்டோபர் 26, சனி. ரெடிங், வீடு

அரிசி வாங்கிவந்தோம். மூட்டை படுத்துக்கொண்டே வந்தது. தேங்காய் ஒன்று ஒவ்வொரு ரவுண்டானாவிலும் உருண்டு அடித்தது. விறகு மூட்டை பால்கனியில் இருக்கிறது, என்ன செய்யப் போகிறாய் என்று தினமும் ஒரு தடவை கேட்கப்படுகிறேன்.

மத்தியானம் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கீழே போனேன். வண்டியை இப்போது மரத்தடியில் நிறுத்துவதில்லை, வெயிலில்தான். மனைவி மேலே ஊற்றினாள், நான் தரையில் படுத்து எண்ணினேன். இடது பக்கம் நான்கு. வலது பக்கம் ஆறு. நைலான் நரம்பு வாங்க மறந்துவிட்டேன், கடை ஐந்து மணி வரைதான்.